எண்ணும் தோட்டாவும்: இந்திய ஆயுதச் சட்டத்தில் குழல் விட்டம் என்னும் அளவுகோல்

புது தில்லியில் கன்னாட் பிளேசுக்கு மேற்கே, 1921இல் எழுந்த பல முகக் கட்டடம் ஒன்று தன்னைச் சுற்றியுள்ள பகுதிக்கே கோல் மார்க்கெட் என்ற பெயரைத் தந்திருக்கிறது. இந்தியில் 'கோல்' என்றால் வட்டம். துப்பாக்கிக் குண்டுக்கும் மருந்து மாத்திரைக்கும் அம்மொழி வழங்கும் 'கோலி' என்ற சொல்லும் அதே உருண்டைப் பொருளிலிருந்து வந்ததே. தமிழ்ச் சிறுவர் ஆடும் கோலிக்குண்டில் இரு மொழிச் சொற்களும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. குண்டு உண்மையிலேயே உருண்டையாக இருந்த காலத்தில் பிறந்த இப்பெயர்கள், அது கூர்முனை உருளையாக மாறி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகும் மாறவில்லை. பெயர் பழைய காலத்திலும் பொருள் புதிய காலத்திலும் நிற்கும் இந்த இடைவெளி வெறும் சொல்லாராய்ச்சிச் செய்தியாக இருந்தால் கவலையில்லை. ஆனால் துப்பாக்கியை அளக்கும் எண்களிலும், அவ்வெண்களை நம்பி எழுதப்பட்ட இந்தியச் சட்டத்திலும் அதே இடைவெளி குடியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

'பன்னிரண்டு போர்' (bore) என்று ஊர்ப்புறத்தில் வழங்கும் இரட்டைக் குழல் துப்பாக்கியின் எண் நீள அளவே அன்று. ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 454 கிராம் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக அடங்குமோ அந்தக் குழல் பன்னிரண்டு போர். அதன் விட்டம் சுமார் 18.5 மி.மீ. எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும் இந்தத் தலைகீழ்க் கணக்குக்கு .410 மட்டும் விலக்கு. அது நேரடியாக அங்குலத்தில் சொன்ன விட்டம். திருச்சிராப்பள்ளியில் 1966இல் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலை செய்யும் பம்ப் வகைத் துப்பாக்கியும் இந்தப் பன்னிரண்டு போர் அளவிலானதே.

குழலின் உட்புறத்தில் திருகுபுரி வெட்டி, குண்டைச் சுழலவிட்டு நேரே செலுத்தும் ரைஃபிள் வந்த பின் சிக்கல் கூடியது. புரிகளுக்கு இடைப்பட்ட மேடுகளுக்கு நடுவே அளந்தால் ஓர் எண்ணும், பள்ளங்களுக்கு நடுவே அளந்தால் சற்றே பெரிய வேறோர் எண்ணும் கிடைக்கும். எதைப் பெயராக வைப்பது என்பதில் நாட்டுக்கு நாடு, கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் மாறியது. பிரிட்டிஷ் இந்தியப் படையின் .303 ரைஃபிள் மேட்டளவால் பெயர் பெற்றது. அதன் குண்டின் உண்மை விட்டம் .312 அங்குலத்தை ஒட்டியது. இன்று உரிமம் பெற்றோரிடம் பரவலாகக் காணப்படும் .32 ரிவால்வரின் குண்டும் .32 அங்குலம் அன்று, அதுவும் .312ஐ ஒட்டியதே. ஆக இரண்டு குண்டுகளின் குறுக்களவும் கிட்டத்தட்ட ஒன்று. ஆயினும் .303இன் தோட்டாக்கூடு 56 மி.மீ. நீளமுடையது, 11 கிராமுக்குச் சற்று மிகுந்த குண்டை நொடிக்கு 740 மீட்டர் அளவில் எறிந்து, குழல்வாயில் மூவாயிரம் ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலைத் தருகிறது. ரிவால்வர் தோட்டாவின் கூடு 23 மி.மீ. மட்டுமே, ஆறு கிராம் சொச்ச எடையுள்ள அதன் குண்டின் ஆற்றல் 170 ஜூல் அளவில் நின்றுவிடுகிறது. ஒரே அகலம், பதினெட்டு மடங்கு வேறுபாடு! விட்டம் என்பது துப்பாக்கியின் வலிமையைச் சொல்லும் எண் என்ற பொதுநம்பிக்கை இந்த ஓர் ஒப்பீட்டிலேயே உடைகிறது. வலிமையைத் தீர்மானிப்பது தோட்டா முழுமையும், அதாவது குண்டின் எடையும், கூட்டுக்குள் அடைத்த மருந்தின் அளவும், கூட்டை ஏந்தும் அறையின் தாங்குதிறனும் சேர்ந்தவையே. தமிழ்ச் செய்தித்தாள்கள் குண்டையும் தோட்டாவையும் ஒன்றாகவே எழுதிப் பழகிவிட்டதால் இந்த அடிப்படை வேறுபாடு வாசகருக்குப் புலப்படாமலே போகிறது.

இந்தியாவில் 'எந்த விட்டத்தைத் தேர்வது' என்ற கேள்விக்கு இயற்பியல் விடை சொல்லுமுன் சட்டம் சொல்லிவிடுகிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 1962ஆம் ஆண்டு விதிகள், .303 அல்லது 7.62 மி.மீ. படைத்தோட்டாவை ஏற்று வெடிக்கக்கூடிய ரைஃபிள்களையும், .380 அல்லது .455 விளிம்புத் தோட்டாக்களையோ படையின் 9 மி.மீ. தோட்டாவையோ ஏற்கும் கைத்துப்பாக்கிகளையும் பொதுமக்களுக்கு எட்டாத பிரிவில் வைத்தன. 2016ஆம் ஆண்டுப் புதிய விதிகளிலும் இப்பகுப்பு பெரும்பாலும் தொடர்கிறது. பேச்சுவழக்கில் இது 'தடைசெய்த போர்', 'தடையற்ற போர்' என்றாகியிருக்கிறது. முன்னதற்கு மத்திய உள்துறையின் இசைவு வேண்டும்; பின்னதற்கு மாவட்டத்தில் ஆட்சியரும், தில்லியில் காவல்துறையின் உரிமப் பிரிவும் போதும். தடையின் அடிப்படை ஆபத்தின் அளவு அன்று என்பது கவனிக்கத்தக்கது. அரசின் கிடங்கிலிருக்கும் தோட்டா குடிமகனின் துப்பாக்கியில் பொருந்தக் கூடாது என்பதே அதன் உள்ளெண்ணம். அது 1857 கிளர்ச்சியின் நினைவு ஆறாத ஓர் ஆட்சியின் அச்சம். 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை இயற்றிய அதே மனநிலை சுதந்திர இந்தியாவின் ஆயுத விதிகளின் அட்டவணைக்குள்ளும் வந்து அமர்ந்துகொண்டது.

இந்த அச்சத்தின் விளைவுகள் உலகச் சந்தையையே திருப்பியிருக்கின்றன. பிரிட்டிஷ் படையின் பழைய மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளுக்கு உதவிவிடும் என்று கருதி, இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் .450 அளவு இந்தியாவுக்குள் வரத் தடை விதிக்கப்பட்டபோது, லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470 எனச் சற்றே தள்ளிய எண்களில் புதிய தோட்டாக்களைப் படைத்தன. ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடியவர்கள் பின்னாளில் பெருமையாகப் பேசிய .470, இந்தியத் தடை பெற்ற பிள்ளை. அவ்வாறே .303 மறுக்கப்பட்ட இந்திய வேட்டைக்காரருக்காக, ஆஸ்திரிய மான்லிக்கர் தோட்டாவின் வழியில் பர்மிங்காம் கம்பெனி ஒன்று .315 ரைஃபிளைத் தந்தது. இச்சாப்பூர் படைக்கலத் தொழிற்சாலை அதைத் தொடர்ந்து செய்துவந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முடித்துவைத்த பின்னும் .315 வாழ்கிறது. அதன் ஆற்றல் .303க்கு ஏறக்குறைய நிகர். ஆகவே தடை எந்த வலிமையையும் குடிமகனிடமிருந்து பிரித்து வைக்கவில்லை. எண்ணை மட்டுமே பிரித்து வைத்தது. வட இந்தியாவில் 'கட்டா' எனப்படும் கள்ளக் கைத்துப்பாக்கி பெரும்பாலும் .315, பன்னிரண்டு போர் தோட்டாக்களுக்கே செய்யப்படுவது இந்தச் சட்டக்கொள்கையின் மீது எழுதப்பட்ட கசப்பான உரை என்று கொள்ளலாம்.

கோல் மார்க்கெட்டைச் சூழ்ந்த தலைநகரின் வரலாற்றிலேயே எண்ணின் குழப்பத்துக்குச் சான்றுகள் உண்டு. 1929 ஏப்ரல் 8 அன்று, இன்று பழைய நாடாளுமன்றக் கட்டடம் எனப்படும் மன்றத்தில் பகத் சிங் பிடிபட்டார்; அவர் பெயரோடு சேர்ந்து நிற்கும் கோல்ட் பிஸ்டல் .32 அளவினது. அதன் தோட்டா 17 மி.மீ. கூடுடைய தானியங்கி வகை. மேற்சொன்ன 23 மி.மீ. ரிவால்வர் தோட்டாவும் .32 என்றே அழைக்கப்படுகிறது. ஒன்றுக்குரியதை மற்றொன்றுக்கு வாங்கக் கூடாது. 1948 ஜனவரி 30 அன்று பிர்லா இல்லத்தில் காந்தியடிகளைக் கொன்ற பெரெட்டா, 9 மி.மீ. என்று எழுதப்படுவது வழக்கம். அது இத்தாலியரின் குட்டை 9 மி.மீ.; கூட்டின் நீளம் 17 மி.மீ. படைகளின் 9 மி.மீ. தோட்டாவுக்குக் கூடு 19 மி.மீ. இந்தக் குட்டைத் தோட்டாவுக்கு அமெரிக்கப் பெயர் .380, விதியில் தடைசெய்யப்பட்ட .380 பிரிட்டிஷ் ரிவால்வரின் முற்றிலும் வேறான தோட்டா. இரண்டையும் பிரித்துக் காட்டுவது விதியிலுள்ள 'விளிம்பு' என்ற ஒற்றைச் சொல். கூட்டின் அடியில் வெளியே துருத்தி நிற்கும் வட்ட ஓரமே அது. ரிவால்வரின் உருளையறைக்குள் தோட்டா நழுவிப் போகாமல் பிடித்துக்கொள்வது அந்த ஓரம். அச்சொல்லைச் சேர்த்த விதியாளர் எண் போதாது என்பதை அறிந்திருந்தார். ஆனால் அந்த அறிவை அட்டவணை முழுவதற்கும் விரிக்கவில்லை.

2012 டிசம்பரில் தில்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின், பெண்களின் தற்காப்புக்கென்று 2014இல் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வரும் .32 தான். சுமார் 500 கிராம் எடையும், அப்போதைய விலை ரூ. 1,22,360உம் பெரிதும் பேசப்பட்டன; ஏன் .32 என்று கேட்டவர் குறைவு. பெண்ணின் கைக்கு ஏற்ற உதைப்பு என்ற விளக்கம் பொருந்தாது என்று சொல்ல முடியாது. எனினும், தடைசெய்த எண்களைக் கழித்தபின் உள்நாட்டுக் கைத்துப்பாக்கியில் மிஞ்சுவது .32உம் .22உமே என்பது இன்னும் எளிய, உண்மையான விளக்கம். அங்கே தேர்வு என்று ஒன்று நடக்கவே இல்லை.

ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்த 2019ஆம் ஆண்டுத் திருத்தம் எண்ணிக்கையைத் தொட்டதே தவிர அளவீட்டைத் தொடவில்லை. படைத்தோட்டா கசியக் கூடாது என்பதே அரசின் நோக்கமாக இருப்பின் அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்நோக்கத்துக்கும் இன்றைய எழுத்துமுறை போதாது. 7.62 மி.மீ. என்ற ஒரே எண்ணின் கீழ் 39, 51 மி.மீ. எனக் கூட்டின் நீளம் மாறும் இருவேறு தோட்டாக்கள் இந்தியப் படையிலேயே இன்று புழங்குகின்றன. விட்டத்தையும் கூட்டின் நீளத்தையும் சேர்த்து எழுதும் முறை தோட்டாத் தொழிலில் நெடுங்காலமாக நிலைபெற்றிருக்கிறது. அடுத்த திருத்தத்தின்போது அட்டவணையிலும் உரிமப் புத்தகத்திலும் '.32' என்பதற்குப் பதில் 7.65×17 என்றோ 7.65×23 என்றோ எழுதுமாறு உள்துறை அமைச்சகம் விதி செய்ய வேண்டும்.