செங்காந்தளும் இன்சுலின் செல்லின் நுண்குழல்களும்

கணையத்தின் பீட்டா செல் ஒவ்வொன்றும் இன்சுலினை ஏறத்தாழ 10,000 சிறு பொதிகளில் அடைத்து வைத்திருக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது அவற்றில் சிறு பங்குதான் வெளியே போகிறது. பொதிகளை நகர்த்துவது எது, மிச்சத்தைப் பிடித்து வைப்பது எது? இந்தக் கேள்விக்கு முதல் தடயம் தந்தது ஒரு தாவர நஞ்சு. குற்றாலத்தைச் சூழ்ந்த மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வேலிகளிலும் புதர்களிலும் ஏறிப் படரும் செங்காந்தளிலும் அதே நஞ்சு இருக்கிறது.

அதன் பெயர் கோல்ச்சிசின். 1820இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லெத்தியேவும் கவாந்துவும் கோல்ச்சிக்கம் என்னும் ஐரோப்பியச் செடியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். செங்காந்தளில் அது இருப்பது 1915இல் தெரியவந்தது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களில் முதலாவதும் இன்று தமிழகத்தின் மாநிலப் பூவும் இதுதான். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிக் கொடியைத் தாங்கும். நெளிந்த இதழ்கள் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் இதைக் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு, பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் சேர்த்து, மருந்துக்காக விதையை விற்கிறார்கள். கிழங்கைத் தின்றவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். எந்தப் பகுதியையும் சர்க்கரை நோய்க்குக் கைமருந்தாக எடுக்கவே கூடாது.

இந்த நஞ்சு தாக்குவது செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களை. அவை டியூபுலின் என்னும் புரதம் அடுக்கடுக்காகச் சேர்ந்து உருவாகும் குழாய்கள். தடிமன் சுமார் 25 நானோமீட்டர். 1960களின் தொடக்கத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அவை தெளிவாகத் தெரிந்தன. கோல்ச்சிசின் டியூபுலினைப் பற்றிக்கொண்டு குழல் வளரவிடாமல் தடுக்கிறது.

1968இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பால் லேசியின் குழு, கோல்ச்சிசின் பட்ட எலிக் கணையத் திசுவில் இன்சுலின் சுரப்பு குறைவதைக் கண்டது. பொதிகளைச் செல்லின் விளிம்புக்குக் கொண்டுபோவது நுண்குழல்களே என்று லேசி முன்வைத்தார். குழல்மீது சுமை இழுக்கும் கைனெசின் புரதம் 1985இல் கண்டறியப்பட்டதும் அந்தக் கருத்து வலுப்பெற்றது.

ஆனால் அது பாதிக் கதைதான். 2015இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் குவோச்சியாங் கு, இரீனா கவெரினா ஆகியோரின் குழு வேறொரு மருந்தால் நுண்குழல்களைக் கலைத்தபோது, சர்க்கரை தூண்டிய இன்சுலின் சுரப்பு கூடியது! பீட்டா செல்லில் குழல்கள் ஒழுங்கான பாதைகளாக இல்லாமல் பின்னிய வலையாகக் கிடக்கின்றன; பொதிகளை விளிம்பிலிருந்து இழுத்துக்கொள்வதும் அந்த வலைதான். சர்க்கரை நோயுள்ள சுண்டெலிகளின் பீட்டா செல்களில் வலை இயல்பைவிட அடர்ந்திருந்ததையும் அந்தக் குழு பதிவுசெய்தது.