ஓப்பானா கண்ட காட்சி

வானொலி அலை விமானத்தில் பட்டு மீள்வதைக் கொண்டு அதன் தொலைவை அறியும் கருவியே ரேடார். ஹவாயின் ஓவாகுத் தீவில், ஓப்பானா என்னும் கடற்கரை மேட்டில், அமெரிக்கப் படையினர் அதனை நிறுவியிருந்தனர்.

1941 டிசம்பர் 7. காலை 7 மணியுடன் பணி முடிந்தது. உணவுக்கு அழைத்துச் செல்லும் வண்டி வரவில்லை. புதிதாகப் பயின்ற எலியட் மேலும் பழக விரும்பவே, லாக்கார்டு கருவியை நிறுத்தவில்லை. 7.02க்கு, வடக்கே ஏறத்தாழ 130 மைலில், பெரும் விமானக் கூட்டம் தென்பட்டது.

தொலைபேசியில் அறிவித்தனர். தம் நாட்டு விமானங்களை எதிர்பார்த்திருந்த அதிகாரி, கவலை வேண்டா என்றார். எத்தனை விமானங்கள் என்று அவர் கேட்டாரில்லை, இவர்களும் சொன்னாரில்லை. 7.55க்குப் பேர்ள் துறைமுகத்தில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 2,400க்கு மேற்பட்ட அமெரிக்கர் மாண்டனர்.

மணியடித்த பின்னும் கற்க விழைந்தவர் முயற்சியால் பகை புலப்பட்டது. கேளாத ஒரு கேள்வியால் அது வீணாயிற்று. வகுப்பறையில் நான் பல்லாண்டு வற்புறுத்தியதும் அதுவே: கண்டால் மட்டும் போதாது, கேளுங்கள்.