பேதி என்னும் சொல்லும் அதன் இருபொருளும்

காரைக்காலுக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்த பழம்பதி திருமலைராயன்பட்டினம். 15ஆம் நூற்றாண்டில் திருமலைராயன் அவைக்கண் காளமேகப் புலவர் அதிமதுரகவியொடு வாதிட்டு எமகண்டம் பாடினார் என்பது தனிப்பாடல் மரபு கூறும் செய்தி. அப்புலவர் சிலேடைக்குப் பெயர்பெற்றவர். அவர் புலமையால் ஆக்கிய இருபொருண்மையை மக்கள் வழக்குத் தானே ஆக்கிக்கொண்ட சொற்களும் உள. அவற்றுள் ஒன்று 'பேதி'. குடலைத் தூய்மை செய்ய உண்ணும் மருந்துக்கும் அது பெயர். குடல் கழிந்து உயிரை வாங்கும் நோய்க்கும் அதுவே பெயர். 'பேதிக்குக் கொடுத்தான்' என்புழி மருந்து. 'பேதி கண்டது' என்புழி நோய். இவ்வொருமை தற்செயலாய் நேர்ந்ததோ, பட்டறிவின் பயனோ என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

சொல் வடமொழி வழிப்பட்டது. உடைத்தல், பிரித்தல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்தது. பொருளோ நம் மருத்துவத்தில் ஆழ வேரூன்றியது. தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகா விதி, நோயற்றார்க்கும் ஆறு திங்கட்கு ஒருமுறை வாந்தி மருந்தும், நான்கு திங்கட்கு ஒருமுறை பேதி மருந்தும் உரியன என விதிக்கின்றது. ஆமணக்கெண்ணெய், கடுக்காய், நிலாவிரை, சிவதை, நேர்வாளம் என இம்மருந்துகள் பலவாம். இவற்றுள் நேர்வாளம் மிகக் கடியது. ஆதலின் அதன் மேல்தோலையும் உள்முளையையும் களைந்து, வேகவைத்துத் தூய்மை செய்த பின்னரே மருந்திற் சேர்ப்பர். அகத்தியர் குழம்பு போன்ற நேர்வாளம் சேர்ந்த மருந்துகட்கு அளவும் துணைமருந்தும் வரையறுக்கப்பட்டுள. கழிச்சல் மிகின் மோரும் கஞ்சியும் கொடுத்து நிறுத்துவர். சுத்தி, அளவு, துணைமருந்து, பத்தியம், முறிவு என்னும் இவ்வைந்தும் மருந்தின் தீங்கை உணர்ந்தோர் வகுத்த காப்புகளாம். தீங்கினைத் தனியே பட்டியலிடாது செய்முறைக்குள்ளேயே பொதிந்து வைத்தமை வாகட நூல்களின் இயல்பு என்க.

இவ்வறிவின் ஒரு பகுதி இக்கடற்கரை வழியாகவே மேலைநாடு சென்றது. காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடியில் இருந்த கிருண்டலர் என்னும் செருமானியச் சமயப்பணியாளர், தமிழ் மருத்துவச் சுவடிகளைக் கொண்டு 1711இல் 'மலபார் மருத்துவன்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு செருமானிய நூல் எழுதினார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை மலபாரியர் என்றே அழைத்தனர். சென்னை மாகாண மருத்துவர் எயின்சிலி 1813இலும் 1826இலும் வெளியிட்ட நூல்களில் இந்நாட்டு மருந்துகளைத் தமிழ்ப் பெயரோடு தொகுத்தார். 1820ஐ ஒட்டி நேர்வாள எண்ணெய் இங்கிலாந்தில் வழக்கிற்கு வந்தது. ஆயின் நம் சுத்திமுறை அதனுடன் செல்லவில்லை. பிழிந்த எண்ணெயே துளிக்கணக்கில் கொடுக்கப்பட்டது. அதன் கடுமை கண்டு பின்னாளில் மருத்துவ உலகம் அதனைக் கைவிட்டது.

மருந்தும் நோயும் ஒரே வகையால் உடலை வருத்துகின்றன என்பதை உலகிற்கு உணர்த்தியது வாந்திபேதி. 1817இல் வங்கத்தில் எழுந்த அக்கொள்ளைநோய் அடுத்த ஆண்டே தென்னாட்டை அடைந்தது. உடலினுள் புகுந்த நஞ்சை இயற்கை வெளியேற்றுகின்றது எனக் கருதிய மருத்துவர் சிலர், அந்நோய்க்கும் பேதி மருந்தே கொடுத்தனர். இலண்டன் மருத்துவர் சார்ச்சு சான்சன் 1854இல் ஆமணக்கெண்ணெய் கொடுத்தமை இதற்குச் சான்று. இவர்க்கு முன்னரே ஓசாக்னசி என்பார், நோயாளர் குருதி நீரையும் உப்பையும் இழப்பதனை 1831-32இல் ஆய்ந்து காட்டினார். இலாட்டா என்பார் 1832இல் உப்புநீரைக் குருதிக்குழாய் வழியே செலுத்திச் சிலரைப் பிழைப்பித்தார். கொல்வது கழிவன்று, இழப்பே என்பது இவற்றாற் புலனாம்.

இன்று பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் ஆய்வதற்கு முன்னர்க் குடல் கழுவும் கரைசல் கொடுக்கின்றனர். சோடியம் பாசுபேட்டுக் கரைசல் உடலின் நீரைக் குடலுக்குள் ஈர்ப்பது. அதனாற் சிலர்க்குச் சிறுநீரகம் பழுதுற்றமையின், 2008இல் அமெரிக்க உணவு மருந்து ஆணையம் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. 1980இல் வெளிவந்த பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலோ, உப்புகளை அளந்து சேர்த்து, உடலின் நீரும் உப்பும் பெரிதும் மாறாவாறு அமைக்கப்பட்டது. எனினும் நான்கு லிட்டர் அளவு பருகுங்கால் குமட்டலும் வயிற்றுப்பொருமலும் வாந்தியும் நேர்தல் உண்டு. அரிதாகக் குருதியில் சோடியம் குறைந்து வலிப்பும் வரக்கூடும். முதியோரும், சிறுநீரக நோயும் இதயநோயும் உடையோரும் மிகுந்த விழிப்புடன் இருத்தல் வேண்டும். மருத்துவர் நோயாளரின் உடல்நிலையையும் அவர் உண்ணும் பிற மருந்துகளையும் கேட்டறிந்து அளவையும் உணவையும் வரையறுப்பது இதன் பொருட்டே.

இவற்றைக் கொண்டு, நம் முன்னோர் உப்புகளின் வேதியியலை அறிந்திருந்தனர் என்று கூறின் அது மிகையாம். அவர்கள் கண்டது விளைவு; காரணம் பின்னர் வந்தது. ஆயினும் அவ்விளைவை மறவாமைக்கு மக்கள் வழக்கிலுள்ள இவ்வொரு சொல்லே போதிய சான்று. மருந்து அளவு கடப்பின் நோயாம் என்பதை அச்சொல் தன்னுள்ளேயே கொண்டுள்ளது. ஆதலின் வாகட ஏடுகளைப் பதிப்பிக்கும் மாணாக்கர் மருந்தின் சரக்குகளை மட்டும் அச்சிட்டு, சுத்தியையும் பத்தியத்தையும் முறிவையும் சிறு குறிப்பென விட்டொழித்தல் தகாது. பாடபேதம் ஒன்றனை விடுத்தால் நூல் குறைபடும். முறிவினை விடுத்தாலோ உயிர் குறைபடும். ஏட்டில் அவ்விரண்டும் ஒருங்கே நின்றவாறு பதிப்பிலும் நிற்றல் வேண்டும் என்பதே எம் துணிபு.