கடல் மறைத்ததும் கடல் காட்டியதும்

வரலாற்றை ஏட்டில் படித்தல் போதாது. நடந்து சென்று கண்ணாலும் படித்தல் வேண்டும். அவ்வாறு படிப்பதற்கு மாமல்லபுரத்திலிருந்து சாளுவன்குப்பம் வரையுள்ள கடற்கரை மிகவும் ஏற்றது. பாறையும் மணலும் அலையும் நிறைந்த அக்கரையில், கடல் சிலவற்றை அழித்திருக்கின்றது; சிலவற்றை மறைத்துக் காத்திருக்கின்றது.

முதலில் கடற்கரைக் கோயிலைக் காண்போம். இராசசிம்மன் எனப் பெயர் பெற்ற இரண்டாம் நரசிம்மவர்மன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்தது இது. ஐந்து ரதங்கள் பாறையைச் செதுக்கி ஆக்கியவை. இதுவோ கற்களை அடுக்கிக் கட்டியது. சிவபெருமானுக்கு இரு கருவறைகளும், அவற்றினிடையே பள்ளிகொண்ட திருமாலும் உண்டு. புறச்சுவரை அணுகி நோக்கினால் சிற்பங்கள் மழுங்கியிருத்தல் தெரியும். உப்பு ஈரம் கல்லின் நுண்துளைகளிற் புகுகின்றது. ஈரம் உலர்ந்ததும் உப்பு படிகமாகிப் பருக்கின்றது. கல்லின் மேற்புறம் பொடியாக உதிர்கின்றது. இதனைத் தடுக்கவே கடலோரத்தில் கற்களைக் கொட்டி அலையை மறித்தனர். காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களை வளர்த்தனர். நனைந்த காகிதக் கூழைச் சுவரில் அப்பி, உப்பை உறிஞ்சி எடுக்கும் முறையையும் கையாண்டனர்.

வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சாளுவன்குப்பம். 2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலை நம் கரையில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டது, அத்துயரை மறத்தலாகாது. அதே அலை சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையை மூடியிருந்த மணலையும் வாரிச் சென்றது. பாறையில் எழுத்துகள் தோன்றின. சுப்பிரமணியர் கோயில் ஒன்றிற்கு அளித்த கொடையை அவை கூறின. கோயிலோ கண்ணுக்குப் புலப்படவில்லை! தொல்லியல் துறையினர் 2005-இல் அருகே அகழ்ந்தனர். பல்லவர் காலக் கோயிலின் பகுதிகள் வெளிப்பட்டன; அவற்றின் கீழே அதனினும் பழைய செங்கற் கட்டடம் இருந்தது; கல்லாலான வேலும் கிடைத்தது. செங்கற் பகுதி சங்க காலத்தது என்பது அகழ்ந்தோர் கருத்து.

இங்கே ஒன்றை எண்ணிப் பாருங்கள். கோயிலுக்கு வழி காட்டியவை பாறையில் இருந்த சில வரிகளே. அவற்றின்மேல் எவரேனும் தம் பெயரைக் கீறியிருந்தால் என்ன ஆகும்? சிற்பங்களின்மேல் பெயர் பொறிக்கும் வழக்கத்தைப் பல ஊர்களில் கண்டு வருந்தியிருக்கிறேன். மணல் காத்த எழுத்தை மனிதன் ஒரு நொடியிற் சிதைத்துவிடலாம்.

மாணவரைச் சுற்றுலா அழைத்துச் சென்ற நாட்களில் மூன்று வினாக்களைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்வேன். இதனைச் செய்தவர் யார்? எவ்வாறு செய்தார்? இன்று இதனை அழிப்பது எது? முதலிரண்டிற்கு நூல்களும் விடை தரும். மூன்றாவதற்கு நேரில் நின்றே விடை காணல் வேண்டும். காற்று, உப்பு, அலை என்று எழுதிய பின், அப்பட்டியலில் நம் பெயரும் சேராதவாறு நடந்துகொள்வது உங்கள் கடமை.