நிழலரசும் வடபுலத்து முஸ்லிம்களும்

சென்னையின் மேற்குப் புறநகரில் வாழும் நமக்கு ஈழம் தொலைவிலுள்ள செய்தி அன்று. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று தனி நீதிமன்றம் தீர்ப்பளித்தது பூவிருந்தவல்லியில்தான். ஈழத்தமிழரை அடைத்துவைத்த சிறப்பு முகாமும் அவ்வூரில் இயங்கியது. ஆயினும் கடலுக்கு அப்பால், எந்த நாட்டின் அங்கீகாரமுமின்றி ஏறத்தாழ இருபதாண்டுகள் நடந்த ஓர் அரசின்கீழ் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை நாம் எண்ணிப் பார்த்தது குறைவு.

வட இலங்கையில் 1990 முதல் விடுதலைப்புலிகள் நடத்திய ஆட்சிக்குக் கொடியும் காவல்துறையும் நீதிமன்றங்களும் இருந்தன. 1994இல் தமிழீழ வைப்பகம் தோன்றிற்று. சோதனைச் சாவடிகளில் வரி வசூலாயிற்று. வெளியே செல்ல அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. 1996இல் கொழும்பு தன் கடிகாரத்தை முன்னே நகர்த்தியபோது வன்னி பழைய நேரத்தையே வைத்துக்கொண்டது. ஆனால் அந்த வைப்பகத்தில் புழங்கியதோ இலங்கை ரூபாய். ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் ஊதியம் தந்தது கொழும்பு. பிள்ளைகள் எழுதியது இலங்கை அரசின் பரீட்சை. ஓர் அரசிடம் ஊதியம் பெற்றவர் மற்றோர் அரசுக்கு வரி செலுத்தினார். மாவீரர் துயிலும் இல்லங்களில் தாய்மார் சிந்திய கண்ணீர் மெய்யானது. பிந்திய ஆண்டுகளில் வீட்டுக்கொருவரைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தபோது பெற்றோர் பிள்ளைகளை ஒளித்துவைத்ததும் மெய்யே.

அரசின் அடித்தளம் 'அசபிய்யா' எனும் குழுப்பற்று என்றார் இப்னு கல்தூன் (1332–1406). அது குருதி உறவால் மட்டும் விளைவதில்லை. உடன்படிக்கையாலும் கூடிவாழ்தலாலும் அத்தகைய பிணைப்பு உண்டாகும் என்பதும் அவர் கருத்து.

வடபுலத்தில் அத்தகைய பிணைப்பு இருக்கத்தான் செய்தது. தந்தை செல்வாவின் தமிழரசுக் கட்சி 'தமிழ் பேசும் மக்கள்' என்ற சொல்லால் முஸ்லிம்களையும் அணைத்துக்கொண்டது. தமிழீழக் கோரிக்கையை முன்வைத்துத் தமிழர் விடுதலைக் கூட்டணி போட்டியிட்ட 1977 தேர்தலில் எம்.எச்.எம். அஷ்ரஃப் அதற்காக மேடையேறினார். பின்னர் முஸ்லிம் இளைஞர் சிலர் புலிகளின் அணியிலேயே சேர்ந்தனர்.

1990இல் எல்லாம் மாறிற்று. கிழக்கில் பகை முற்றிய நிலையில், ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30 அன்று தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரமே. வீடும் கடையும் நகையும் அங்கேயே நின்றுவிட்டன. பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாயினர். அவர்கள் பேசியதும் தமிழே. அவர்களுடைய மூதாதையர் அடக்கமாகியிருப்பதும் அம்மண்ணிலேயே.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் அன்டன் பாலசிங்கம் இதற்கு வருத்தம் தெரிவித்தார். அதே மாதம் 13ஆம் நாள் பிரபாகரனும் ரவூஃப் ஹக்கீமும் உடன்பாடு கண்டனர். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு தலைமுறை புத்தளத்தில் பிறந்து வளர்ந்துவிட்டது. கிளிநொச்சி 2009 ஜனவரி 2 அன்று வீழ்ந்தது. மே மாதத்தில் அவ்வரசே மறைந்தது.

உலகத் தலைநகரங்கள் தரும் அங்கீகாரத்தைக் காலமெல்லாம் தேடிய அவ்வரசு, தன்னிடம் பற்று வைக்கக்கூடிய அண்டைவீட்டாரை அங்கீகரிக்கத் தவறியது. குடிமக்களின் பற்றைக் கோரும் எவ்வரசும், 'நீயும் இவ்வூரான்' என்று அவர்களிடம் முதலில் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு அச்சொல் மறுக்கப்பட்டது. அதன் இழப்பு இரு சாராருக்கும் உரியது.