திருகோணமலை மாவட்டம்: தொற்றுக்காலத் தேர்தலும் குடியியல் உரிமைகளும்

திருகோணமலை, மூதூர், சேருவில ஆகிய மூன்று தொகுதிகளும் நான்கு நாடாளுமன்ற ஆசனங்களும் கொண்ட துறைமுக மாவட்டம். நோய்க்காலத்தில் மக்கள் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் இலங்கையில் 1897 முதல் நடைமுறையில் உள்ளது. 1934–35 மலேரியாவை அடுத்து வந்த 1936 அரசாங்க சபைத் தேர்தலில், நிவாரணப் பணியால் பெயர்பெற்ற என். எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் வென்றனர். ஆனால் அது திருகோணமலையின் அல்ல, பெரும்பாலும் தென்மேற்கின் வரலாறு.

2020 மார்ச் 2இல் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாடாளுமன்றத்தைக் கலைத்து ஏப்ரல் 25இல் தேர்தல் என அறிவித்தார். வேட்புமனு முடிந்த மார்ச் 19இலேயே, கொவிட் தொற்றினால் தேர்தல்கள் ஆணைக்குழு வாக்கெடுப்பை ஒத்திவைத்தது. மறுநாள் நாடெங்கும் ஊரடங்கு. அந்த ஊரடங்குக்குச் சட்ட அடித்தளம் உண்டா என்பதில் சட்டத்தரணிகளிடையே கருத்தொற்றுமை இல்லை. ஏப்ரல் 1இல், கொவிட் பணியிலுள்ள அதிகாரிகளைச் சமூக ஊடகங்களில் விமர்சிப்போரைக் கைதுசெய்யப் பொலிஸ் தலைமையகம் பணித்தது. மனித உரிமைகள் ஆணைக்குழு கவலை தெரிவித்தது. கலைத்த மூன்று மாதங்களுக்குள் புதிய நாடாளுமன்றம் கூட வேண்டும் என்ற அரசியலமைப்பு விதியை முன்வைத்த மனுக்களை உயர் நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு ஜூன் 2இல் விசாரணைக்கு ஏற்காமலே தள்ளுபடி செய்தது. ஆகவே அக்கேள்வி தீர்ந்துவிட்டதாகக் கொள்வதற்கில்லை. அதே திகதியிட்ட வர்த்தமானியில், கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுகளுக்கென ஜனாதிபதி செயலணியொன்றும் அமைந்தது. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் அம்மாகாணத்துக்கான செயலணியில் தொடக்கத்தில் இவ்விரு சமூகத்தவர் ஒருவரும் இல்லை.

வாக்கெடுப்பு ஆகஸ்ட் 5இல் நடந்தது. நேரம் மாலை 5 மணி வரை நீட்டப்பட்டது. வாக்காளர் நீலம் அல்லது கறுப்புப் பேனையை வீட்டிலிருந்தே கொண்டுவந்தனர். கட்சிக்கு ஒரு புள்ளடி, வேட்பாளர்களுக்கு மூன்று வரை விருப்பு வாக்குகள் எல்லாம் அந்தச் சொந்தப் பேனையாலேயே. முகக்கவசத்தைச் சற்றுத் தாழ்த்தி முகம் காட்டினர். வழக்கமாக இரவிரவாக நடக்கும் எண்ணிக்கை மறுநாள் காலைக்குத் தள்ளப்பட்டது. திருகோணமலை மாவட்டத்தில் ஐக்கிய மக்கள் சக்தி 86,394 வாக்குகளுடன் இரண்டு ஆசனங்களையும், பொதுஜன பெரமுன 68,681 வாக்குகளுடன் ஒன்றையும், தமிழரசுக் கட்சி 39,570 வாக்குகளுடன் ஒன்றையும் பெற்றன. 1977இல் முதன்முறை நாடாளுமன்றம் சென்ற இரா. சம்பந்தன் மீண்டும் தெரிவானார். வாக்களிப்பு நிலையத்தில் காட்டப்பட்ட ஒழுங்கைப் பலரும் மெச்சினர். ஐந்து மாதங்கள் நாடாளுமன்றம் இல்லாமல் அரசாங்கம் நடந்ததை அந்த அளவுக்கு எவரும் பேசவில்லை.

2021 பெப்ரவரியில் உரிமைகள் கோரிய பொத்துவில்–பொலிகண்டிப் பேரணி மாவட்டத்தைக் கடந்தபோது, தொற்றைக் காரணங்காட்டிப் பெறப்பட்ட நீதிமன்றத் தடைகள் கிழக்கின் சில இடங்களில் இருந்தன. 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் நிதியில்லை என்று நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தேர்தல் 2025 மே 6இல் நடந்தது.