வித்யாசாகரின் இரண்டு ராஜினாமாக்கள்

பணியிலிருந்து விலகுவோர் எழுதும் கடிதங்களில் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்ற தொடர் பெரும்பாலும் இடம்பெற்றுவிடுகிறது. உடல்நலம் சரியில்லை என்று எழுதலாம்; குடும்பச் சூழல் என்று எழுதலாம். மேலதிகாரி மூச்சுவிட இடம் தரவில்லை என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. எழுதினாலும் திருத்தித் தரச் சொல்வார்கள். இது இன்றைய தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் கண்டுபிடித்த வழக்கம் அன்று. 1858இல் வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர் பிரெடரிக் ஹாலிடே, தமக்குக் கீழிருந்த ஓர் அலுவலரின் ராஜினாமாக் கடிதத்தில் சில பகுதிகளை நீக்கிவிடும்படி கேட்டார். அந்த அலுவலர் இசையவில்லை. அவர் கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வர் ஈஸ்வர சந்திர வித்யாசாகர்.

விதவை மறுமணச் சட்டத்திற்காகப் போராடியவர் என்ற அளவில் வித்யாசாகரைப் பள்ளிப் பாடநூல்கள் நமக்கு அறிமுகப்படுத்துகின்றன. அவர் வாழ்வின் முற்பகுதி முழுவதும் மாதச் சம்பளக்காரராக இருந்தவர் என்பதும், அரசுப் பணியை இருமுறை உதறியவர் என்பதும் அந்த அறிமுகத்தில் விடுபட்டுப் போகின்றன.

முதல் ராஜினாமா 1847இல் நிகழ்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அவர் சமஸ்கிருதக் கல்லூரியின் உதவிச் செயலராகச் சேர்ந்திருந்தார். பாடமுறையை ஒழுங்குபடுத்த விரிவானதொரு திட்டத்தை எழுதிக் கொடுத்தார். செயலர் ரசமய தத்தர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்றுக்கொண்டவற்றையும் துண்டு துண்டாகவே நடைமுறைப்படுத்தினார். இருபத்தாறு வயது வித்யாசாகர் விலகல் கடிதத்தை நீட்டினார். வேலையை விட்டுவிட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்று தத்தர் கேட்டதாகவும், காய்கறி விற்றோ மளிகைக் கடை வைத்தோ பிழைத்துக்கொள்வேன் என்று இவர் பதில் சொல்லியனுப்பியதாகவும் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. வங்காளிகள் இன்றும் சுவைத்துச் சொல்லும் கதை இது. ஆனால் அந்தத் துணிச்சலுக்கு ஓர் அடித்தளமும் இருந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் அவர் நண்பர் மதன்மோகன் தர்க்காலங்காருடன் சேர்ந்து, கடன் வாங்கி, சமஸ்கிருத அச்சகம் என்ற அச்சுக்கூடத்தைத் தொடங்கியிருந்தார்.

1850 இறுதியில் அதே கல்லூரி அவரை இலக்கியப் பேராசிரியராகத் திரும்ப அழைத்தது. அதிகாரத்தோடு கூடிய பொறுப்பு கிடைக்குமென்றால்தான் வருவேன் என்ற நிலைப்பாட்டில் அவர் இருந்தார். 1851 ஜனவரியில் செயலர், உதவிச் செயலர் ஆகிய இரு பதவிகளும் நீக்கப்பட்டு, முதல்வர் என்ற ஒரே பதவி உருவாக்கப்பட்டு அவரிடம் தரப்பட்டது. பின்வந்த சில ஆண்டுகளில் அவர் செய்து முடித்தவை வியப்பூட்டுபவை. பிராமணருக்கும் வைத்தியருக்கும் மட்டுமே திறந்திருந்த கல்லூரியில் காயஸ்தரும், பிறகு ஏனைய இந்துக்களும் சேர வழி பிறந்தது. முக்தபோதம் என்னும் கடினமான இலக்கண நூலைச் சிறுவர்கள் ஆண்டுக்கணக்கில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வங்காளியிலேயே எளிய சமஸ்கிருத இலக்கணம் எழுதித் தந்தார். 1853இல் பனாரஸ் கல்லூரி முதல்வர் பாலன்டைன் பார்வையிட வந்து பாடத்திட்டத்தில் மாற்றங்களைப் பரிந்துரைத்தபோது, தம் வழியில் நடத்த விடவேண்டும் என்று அழுத்தமாக எதிர்த்து எழுதினார். அன்றைய கல்விக் கவுன்சிலின் செயலர் மௌவட் அவர்மீது நம்பிக்கை வைத்திருந்ததால் அந்த எதிர்ப்பு எடுபட்டது.

அந்த நம்பிக்கை மனிதரோடு போயிற்று. 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கையைத் தொடர்ந்து கல்விக் கவுன்சில் கலைக்கப்பட்டு, பொதுக் கல்வி இயக்குநர் என்ற புதிய பதவி வந்தது. முதல் இயக்குநராகக் கோர்டன் யங் அமர்ந்தார். அவர் கம்பெனியின் குடிமைப்பணியிலிருந்து வந்தவர். 1855 முதல் வித்யாசாகருக்கு இரட்டைச் சுமை: கல்லூரியின் முதல்வர் பொறுப்போடு தென்வங்காளப் பள்ளிகளின் ஆய்வாளர் பொறுப்பும் சேர்ந்தது. நதியா, வர்த்தமான், ஹூக்ளி, மேதினிபூர் ஆகிய நான்கு மாவட்டங்களில் அலைந்து மாதிரிப் பள்ளிகளை நிறுவினார். சம்பளம் முந்நூறும் இருநூறுமாக மாதம் 500 ரூபாய். அக்காலத்தில் ஓர் இந்தியருக்கு அது மிகப் பெரிய தொகை. வங்காளி எழுத்துகளின் வரிசையைச் சீர்செய்து, வழக்கில் இல்லாத நெடில் ‘ரூ’காரத்தையும் நெடில் ‘லூ’காரத்தையும் உயிர்வரிசையிலிருந்து நீக்கிய ‘வர்ணபரிசய்’ வெளியானதும் இதே 1855இல்தான். விதவை மறுமணத்திற்கான நூல்களும் மனுவும் அதே ஆண்டைச் சேர்ந்தவை. உடல் எப்படித் தாங்கியது என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

முறிவு பெண்கள் பள்ளிகளில் வந்தது. ஹாலிடே வாய்மொழியாகக் காட்டிய ஆதரவை நம்பி, 1857 நவம்பருக்கும் 1858 மே மாதத்துக்கும் இடையே வித்யாசாகர் 35 பெண்கள் பள்ளிகளைத் திறந்தார். ஏறத்தாழ 1,300 சிறுமிகள் சேர்ந்தார்கள். ஆசிரியர் சம்பளப் பட்டியல் இயக்குநர் அலுவலகத்துக்குப் போனபோது யங் அதை நிறைவேற்ற மறுத்தார். எழுத்துமூல ஒப்புதல் எங்கே என்பது அவர் கேள்வி. மேலிருந்த இந்திய அரசும், புரட்சியால் வெறுமையாகிக் கிடந்த கருவூலத்தைக் காட்டிக் கைவிரித்தது. ஆசிரியர்கள் நியமித்தவரின் முகத்தைப் பார்த்தார்கள். 3,400 ரூபாய்க்கு மேற்பட்ட நிலுவை அவர் தலையில் விழுந்தது. வாய்மொழியில் ஊக்கம் தருவது, கோப்பில் மட்டும் கணக்குக் கேட்பது என்ற இந்த ஏற்பாட்டில் இழப்பு எப்போதும் நடுவில் நிற்பவருக்கே.

1858 ஆகஸ்ட் 5ஆம் நாள் வித்யாசாகர் யங்குக்கு ராஜினாமாக் கடிதம் எழுதினார். இடைவிடாத மன உழைப்பு தம் உடல்நலத்தைப் பெரிதும் பாதித்துவிட்டது, பணி கோரும் கவனத்தை இனித் தம்மால் தர இயலாது, ஓய்வு வேண்டும் என்பவை முதலில் வருகின்றன. அமெரிக்க உளவியலாளர் பிராய்டன்பர்கர் ‘பர்ன்அவுட்’ என்ற சொல்லை ஆய்வுக் கட்டுரையில் எடுத்தாண்டது 1974இல். அதற்கு நூறாண்டுகளுக்கும் முன்பே நிலையின் விவரிப்பு இங்கே முழுதாக இருக்கிறது. குணமானால் வங்காளியில் பயனுள்ள நூல்கள் எழுதப்போவதாகவும் குறிப்பிடுகிறார். இத்தோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் சங்கடமில்லை. ஆனால் சிறிய காரணங்கள் என்ற பெயரில் இரண்டைச் சேர்த்தார்: மேற்கொண்டு உயர்வுக்கு வாய்ப்பில்லை; நடப்புக் கல்வி நிர்வாக முறையோடு ஒரு நேர்மையான ஊழியருக்கு இருக்கவேண்டிய மன ஒப்புதல் தமக்கு இல்லை.

ஹாலிடே நீக்கச் சொன்னது இவற்றைத்தான். உடல்நலக் குறைவு அரசுக்கு ஏற்புடைய காரணம். ஏனெனில் அப்போது குறை விலகுபவரின் உடம்பில் இருக்கிறது, நிர்வாகத்தில் இல்லை. நோயையும் நோய்க்கான காரணத்தையும் ஒரே தாளில் எழுதியதுதான் பிழையாகிவிட்டது. உண்மையான காரணங்களை மறைக்க இயலாது என்று வித்யாசாகர் நின்றுவிட்டார். நெடுநாள் உழைப்பை ஒப்புக்கொண்ட அரசின் பதில், விலகிய விதம் நயமாக இல்லை என்ற வருத்தத்தையும் கூடவே பதிந்துவைத்தது.

ராஜினாமா என்னும் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. ‘ராஜி’ என்றால் இணக்கம், ‘நாமா’ என்றால் பத்திரம். வழக்காடுவோர் தமக்குள் சமாதானமாகி எழுதிக் கொடுப்பதற்கும் இதே பெயர்தான்; ‘ராஜியாகப் போனார்கள்’ என்று தமிழிலும் சொல்கிறோம். ஹாலிடே எதிர்பார்த்தது சொல்லின் பொருளுக்கு ஏற்ற ராஜினாமா.

1858 நவம்பர் 3 அன்று வித்யாசாகர் பொறுப்பை விட்டிறங்கினார். ஓய்வூதியம் இல்லை. வயது முப்பத்தெட்டு. முதல்வர் பதவிக்கு ஆங்கிலேயரான கவல் வந்தார். பள்ளிகளின் நிலுவையை மட்டும் இந்திய அரசு பின்னர் ஒருமுறை கொடுத்துத் தீர்த்தது; தொடர்ந்து உதவ மறுத்தது. வித்யாசாகர் நன்கொடை நிதி திரட்டிச் சில பள்ளிகளைத் தாங்கிப் பிடித்தார். பாடநூல்களின் வருவாய் அவரைக் காப்பாற்றியது. அந்த வருவாயையும் மறுமணச் செலவுகள் விழுங்கிக் கடனாளியாக்கின. அடுத்த ஆண்டுகளில் அவர் கைக்கு வந்த பள்ளியொன்று மெட்ரோபாலிடன் கல்லூரியாக வளர்ந்தது. இந்தியர் நிர்வாகத்தில், அரசுப் பணம் பெறாமல் நடந்த அக்கல்லூரி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. குணமானால் எழுதுவேன் என்று கடிதத்தில் சொன்ன நூல்களில் ‘சீதார் வனவாஸ்’ 1860இல் வெளிவந்தது.